குறிப்பு நிரலில் ஒரு சிவந்த ஒளி

உதயகலாவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. நீர்வேலி வடக்கில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. அவளோடு பத்து நிமிடம் இருந்து கதைத்தவர்கள் அதைவிடக் குறைவு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் இலிகிதராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கலியாணம் செய்யவில்லை. தகப்பன் சீவரத்தினம் கட்டிய வீட்டில் தம்பி செந்தூரனின் குடும்பத்தோடு இருக்கிறாள். நாலு சம்பந்தம் வந்து நாலையும் அவளே தட்டிக் கழித்தாள். சாதகத்தில் ஏதோ குற்றம் என்று ஊர் தனக்குள் ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டது.

அந்த வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி இருக்கிறது. செம்பு உருளை, மேலே புனல், உள்ளே போத்தல். வளிமண்டலவியல் திணைக்களத்துக்காக சீவரத்தினம்தான் மழையை அளந்து எழுதி வந்தார். எண்பத்தாறில் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்த பிறகு உதயகலா எடுத்துக்கொண்டாள். காலை எட்டரைக்குப் போத்தல் நீரை அளவுச் சாடியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். திகதி, மில்லிமீற்றர், குறிப்பு என்று படிவத்தில் மூன்று நிரல். குறிப்பு நிரல் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். எப்போதாவது ‘இடி’ என்றோ ‘பலத்த காற்று’ என்றோ எழுதுவாள். மாதம் முடிய ஒரு பிரதி கொழும்புக்குப் போகும்.

தொண்ணூற்றொன்றில் யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பங்கீட்டுக்குத்தான். வடக்குக் கரையில் சின்னமுனை என்றொரு சிறிய கத்தோலிக்க மீனவக் குறிச்சி. அங்கிருந்து செபநாயகம் என்ற இருபத்தேழு வயது இளைஞன், மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் வந்து நீர்வேலிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு, திரும்பும்போது தங்கள் குறிச்சியின் எண்ணெய்ப் பங்கை எடுக்கச் சங்கத்துக்கு வருவான். பற்றுச்சீட்டு எழுதுவது உதயகலா. யாரோ சொல்லி, அவள் மழை அளக்கிறவள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இண்டைக்கு எவ்வளவு பெய்தது, பிள்ளை?"

"பன்னிரண்டு தசம் நாலு."

"நாளைக்குப் பெய்யுமோ?"

"அது எனக்குத் தெரியாது. பெய்ததைத்தான் நான் அளப்பன்."

"கடலுக்குப் போறவனுக்குப் பெய்யப்போறதைச் சொல்ல எல்லோ ஆள் வேணும். நீங்கள் எனக்கு உதவமாட்டியள்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் மழையே இல்லாத ஆடி மாதத்திலும் அவன் வந்து கேட்டான். அவளும் "பூச்சியம்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள். இரண்டு பேருக்கும் என்ன நடக்கிறது என்று தெரிவதற்கு அந்தப் பூச்சியங்களே போதுமாக இருந்தன.

புரட்டாதியில் ஒரு நாள் சங்கத்தில் வேறு யாரும் இல்லாத நேரம் அவன் சொன்னான். "என்ரை தங்கச்சிக்குச் சொல்லிப்போட்டன். அம்மாவுக்கும் ஓரளவு தெரியும். உங்கடை வீட்டிலை?"

"அப்பு படுக்கையிலை. சொன்னால் அந்த இடத்திலையே போயிடுவார்." சாதியும் வேறு, சமயமும் வேறு என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. "மாரி முடியட்டும். அதுக்குப் பிறகு நான் கதைக்கிறன்."

"மாரி முடியட்டும்" என்று அவனும் சொன்னான்.

நவம்பர் எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. அன்று பகல் முழுக்க மழை இல்லை, வானம் மட்டும் மூடிக்கிடந்தது. இரவு ஏழே முக்காலுக்குக் கோழிக்கூட்டை அடைக்க வெளியே வந்த உதயகலா வடக்கே பார்த்தாள். வாழைத்தோட்டத்துக்கு அப்பால், பனைகளின் வட்டுக்கு மேலே, அடிவானம் சிவந்திருந்தது. சற்றுக் கிழக்கே சாய்ந்த வடக்கு. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரல் உயரம்.

சின்னமுனை எந்தப் பனைக்கு நேரே என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைப் பல மாலைகள் பார்த்திருக்கிறாள்.

உள்ளே இருந்து தகப்பன் குழறிய குரலில் கேட்டார். "என்னடி பிள்ளை வெளிச்சம்?"

"ஒண்டுமில்லை அப்பு. படுங்கோ."

பின்னேரம் இரண்டு தரம் நிலம் அதிர்ந்திருந்தது. அந்தக் காலத்தில் குண்டு விழுந்து நிலம் அதிராத நாள் இல்லை என்பதால் யாரும் எழும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு கிலோமீற்றர் தூரம். போகலாம், சைக்கிள் இருந்தது. எங்கே போகிறாய் என்று தாய் கேட்டால் சொல்ல ஒரு பதில்தான் இருக்கவில்லை. அவள் மழைமானிக்குப் பக்கத்தில் நின்றாள். சிவப்பு ஒருமுறை மங்கும், பிறகு கூடும். பத்து மணி தாண்டி அது கருகி அடங்கும் வரை நின்றாள். பிறகு போத்தல் விளக்கைக் கொளுத்தி, படிவத்தை எடுத்து, குறிப்பு நிரலில் சின்ன எழுத்தில் எழுதினாள்: ‘வட வானில் சிவந்த ஒளி. இரவு 7.45 முதல் 10.10 வரை. இரண்டு விரல் உயரம். காரணம் தெரியவில்லை.’

காலையில் புனலுக்குள் சாம்பல் கிடந்தது. வாடைக்காற்றில் வந்த, கூரைக் கிடுகு எரிந்த கருந்துகள்கள். விரலால் தொட்டதும் பொடிந்தன. அவள் புனலைக் கழுவித் துணியால் துடைத்துத் திரும்ப வைத்தாள். மழை: பூச்சியம். சாம்பலைப் பற்றி எழுதவில்லை.

திங்கட்கிழமை சங்கத்தில் முகாமையாளர் அவசர நிவாரணத்துக்காக ஒரு பட்டியலை வாசித்தார். சின்னமுனையில் முப்பத்தொரு வீடு. செத்தது பதினொரு சனம். கடலில் இருந்து வந்த குண்டு என்றார்கள் சிலர். குடிசைகளில் பதுக்கி வைத்திருந்த பெற்றோல் தீப்பற்றியது என்றார்கள் சிலர். எவரும் விசாரிக்கவில்லை.

"எங்களிட்டை எண்ணெய் எடுக்க வாற அந்த மீன்காரப் பெடியனும் போயிட்டானாம்" என்றார் முகாமையாளர். "பங்கீட்டுப் பதிவிலை பேரை வெட்டிவிடும் பிள்ளை."

உதயகலா அடிமட்டம் வைத்து, மைப்பேனாவால், பதினொரு பெயர்களையும் நேராக வெட்டினாள். அன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் பற்றுச்சீட்டு எழுதினாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரியாமலே முப்பத்து மூன்று வருடம் போனது. தகப்பன் போனார், தாய் போனாள், தொண்ணூற்றைந்தில் ஊரோடு தென்மராட்சிக்கு ஓடி ஆறு மாதத்தில் திரும்பி வந்தார்கள். அவள் சின்னமுனைப் பக்கம் ஒரு நாளும் போகவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து நாலு மே மாதம் சூரியனில் இருந்து ஒரு பெரிய காந்தப் புயல் வந்து பூமியில் மோதியது. துருவங்களில் மட்டும் தெரிகிற ஒளி, லடாக் மலையில் கூடத் தெரிந்ததென்று எல்லாருடைய கைபேசியிலும் படங்கள் வந்தன. செந்தூரன் அக்காவுக்கும் காட்டினான். "வடிவாய்த்தான் இருக்கு" என்று அவள் சொன்னாள்.

ஆவணியில் ஒரு காலை தர்சினி என்ற பெண் வந்தாள். பல்கலைக்கழகமொன்றில் பௌதிகம் படிப்பிக்கிறவள், முப்பத்திரண்டு வயதிருக்கும். ஸ்கூட்டரை நிழலில் விட்டுவிட்டு, பையில் இருந்து ஒரு தாளை எடுத்தாள். உதயகலாவின் பழைய மாதப் படிவம் ஒன்றின் பிரதி.

"அன்ரி, கொழும்பிலை பழைய மழைப் படிவங்களை ஸ்கான் பண்ணியிருக்கினம். அதிலை இதைக் கண்டனான். இது உங்கடை கையெழுத்தோ?"

உதயகலா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். "ஓம்" என்றாள்.

தர்சினி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். துருவ ஒளி எவ்வளவு தெற்கே தெரிந்திருக்கிறது என்று பழைய பதிவுகளில் தேடுகிற ஒரு குழுவில் அவளும் இருந்தாள். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு மாசியில் பம்பாயிலும் ஏடனிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். தந்திக் கம்பிகள் அன்றைக்குத் தாறுமாறாக வேலை செய்திருக்கின்றன. சீனாவிலும் யப்பானிலும் ‘சிவந்த ஆவி’ என்று அரசர் காலத்து ஏடுகளிலே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"உதுகளைத் தேடி என்ன பயன், பிள்ளை?"

"சூரியன் எவ்வளவு பெரிய புயலை அனுப்பும் எண்டு அளக்கக் கருவி வந்து நூற்றைம்பது, இருநூறு வருசம்தான் அன்ரி. அதுக்கு முதல் நடந்ததுக்கு ஆரோ ஒரு ஆள் வானத்தைப் பாத்து எழுதினதுதான் சாட்சி. அப்பிடி ஒண்டு இப்ப வந்தால் கரண்ட், சற்லைற் எல்லாம் போகும். நீங்கள் எழுதின அந்த இரவு, தொண்ணூற்றொண்டு நவம்பர் எட்டு, பெரிய காந்தப் புயல் அடிச்ச நாள். அமெரிக்காவிலை தெற்கு வரைக்கும் தெரிஞ்சிருக்கு. ஆனால் நாங்கள் இருக்கிறது காந்த மத்தியகோட்டுக்குக் கிட்ட. இஞ்சை தெரிய வாய்ப்பே இல்லை எண்டுதான் புத்தகம் சொல்லுது. அதாலைதான் நான் ஓடி வந்தனான்."

பிறகு கேள்விகள். அசைந்ததா? தூண் தூணாக நின்றதா? பச்சை இருந்ததா? நட்சத்திரங்கள் அதற்குள்ளால் தெரிந்தனவா?

"ஒருக்கா மங்கும், ஒருக்கா கூடும். சிவப்பு மட்டும்தான். நட்சத்திரம் நான் பாக்கேல்லை."

"பழைய காலத்திலை துருவ ஒளியைக் கண்டுபோட்டு, பக்கத்து ஊர் எரியுது எண்டு நெருப்பணைக்க ஓடின படையளும் இருக்கினம், தெரியுமோ?" தர்சினி சிரித்தாள்.

"அதுக்கு எதிர்மாறாய் நடந்திருக்கோ? நெருப்பைக் கண்டுபோட்டு, இந்த ஒளி எண்டு?"

"அது நிறைய. அதுதான் எங்களுக்குப் பெரிய தலையிடி." தர்சினி பேனாவை மூடினாள். "காரணம் தெரியவில்லை எண்டு எழுதியிருக்கிறியள். உண்மையிலை தெரியேல்லையோ, அன்ரி?"

உதயகலா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு யோசிக்க வேணும். ஒரு கிழமை தாங்கோ."

அந்தக் கிழமையை நினைத்து அவள் பிறகு வெட்கப்பட்டாள். அந்தச் சிவப்பு சூரியனில் இருந்து வந்ததென்றால் அன்று இரவு எந்த வீடும் எரியவில்லை. அது பைத்தியக்கார நினைப்பு என்று அவளுக்குத் தெரியும். பதினொரு பெயரை வெட்டிய கை தன்னுடையது என்பதும் தெரியும். ஆனாலும் மூன்று நாள் அந்த நினைப்புக்குள் போய் இருந்துவிட்டு வந்தாள். சமைக்கும்போது, குளிக்கும்போது, வானத்தில் ஒன்றுமே இல்லாத மத்தியானங்களில். அறுபது வயதுச் செபநாயகம் மீன்பெட்டிச் சைக்கிளோடு படலைக்கு வெளியே வந்து நிற்பதுபோலக்கூட ஒரு தரம் நினைத்தாள்.

இதற்கிடையில் செந்தூரன் பேசாமல் இருக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒருவர் பத்திரிகையில் எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் கட்டம் கட்டி வந்தது: ‘முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் நீர்வேலி வானில் துருவ ஒளி. மழை அளந்த பெண்ணின் அரிய பதிவு.’ லடாக் படம் ஒன்றும் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். செந்தூரனின் மனைவி சுவர்ணா வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி போட்டாள். உதயகலா அறைக்குள் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் படலையைத் தட்டினாள். ஐம்பது கடந்த வயது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. கையில் மடித்த பத்திரிகை.

"உதயகலா எண்டது ஆர்?"

"நான்தான்."

"நான் சின்னமுனை. யோசப்பின் எண்டு பேர்." அவள் உள்ளே வந்து இருக்கவில்லை. முற்றத்திலேயே பத்திரிகையை விரித்தாள். "தொண்ணூற்றொண்டு நவம்பர் எட்டாம் திகதி எண்டு போட்டிருக்கு. சரியோ?"

"சரி."

"இரவு வானத்திலை வடிவான சிவப்பு வெளிச்சம் எண்டு போட்டிருக்கு."

"வடிவு எண்டு நான் சொல்லேல்லை."

"அது எங்கடை வீடுகள்" என்றாள் யோசப்பின். குரல் உயரவில்லை. "எங்கடை அம்மா. எங்கடை செபநாயகம் அண்ணை. நீங்கள் நிண்டு பாத்துப்போட்டு அளந்து எழுதியிருக்கிறியள். அதைப் பேப்பரிலையும் போட்டிருக்கிறியள்."

செந்தூரன் விறாந்தையில் இருந்து இறங்கி வந்தான். "அம்மா, கோவிக்காதேங்கோ. அது விஞ்ஞானியள் சொன்னது. அண்டைக்குச் சூரியனிலை—"

"இரவிலை என்ன சூரியன், தம்பி?"

"செந்தூரன், நீ பேசாமல் இரு" என்றாள் உதயகலா. "அவ சொல்லுறதுதான் சரி. எனக்கு அண்டைக்கே தெரியும். காலமை மழைமானிக்குள்ளை சாம்பல் கிடந்தது. நான்தான் கழுவினனான்."

யோசப்பின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சு கொண்டோ காரணம் தெரியாது எண்டு எழுதினனீங்கள்?"

"காரணத்தை எழுதினால், உங்கடை அண்ணை இல்லை எண்டு எழுதினதாய்ப் போயிடும். எனக்கு ஏலாமல் இருந்தது."

சுவர்ணா வாசலில் ஒரு கையில் அகப்பையோடு நின்றாள். யோசப்பின் மழைமானியைப் பார்த்தாள், பிறகு உதயகலாவைப் பார்த்தாள்.

"நீங்களோ அந்த மழை அளக்கிற பிள்ளை?"

உதயகலா தலையாட்டினாள். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். யோசப்பின் கை கொடுக்கவில்லை. ஆனால் தானும் எதிரே குந்தினாள்.

"அம்மாவைத் தூக்க உள்ளை போனவன்" என்றாள். "நான் கடலுக்கை கழுத்தளவு தண்ணியிலை நிண்டனான். அவன் வருவான் வருவான் எண்டு பாத்துக்கொண்டு. எத்தினை மணி மட்டும் எரிஞ்சது?"

"பத்து மணி பத்து நிமிசம் வரைக்கும்."

"அவ்வளவுதானோ? எனக்கு விடியும்மட்டும் எரிஞ்ச மாதிரித்தான்." யோசப்பின் பத்திரிகையை மடித்தாள். "ஒருக்காலாவது வந்து பாத்திருக்கலாம், அக்கா. எங்கடை வீட்டிலை உங்களைத் தெரியும். ஒரு வருசம், ரெண்டு வருசம் நான் பாத்திருந்தனான்."

"ஓம். வந்திருக்க வேணும்."

மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை. சுவர்ணா கொண்டுவந்த தேத்தண்ணியை யோசப்பின் குடிக்காமல் எழும்பிப் போனாள்.

அன்று பின்னேரமே உதயகலா தர்சினிக்குத் தொலைபேசி எடுத்தாள். சாம்பலையும் சின்னமுனையையும் சொன்னாள். தர்சினிக்கு அது ஒரு வருட உழைப்பு, ஒரு பெரிய மாநாட்டில் வாசிக்க ஒத்துக்கொண்ட கட்டுரை. "நன்றி அன்ரி" என்றாள் தர்சினி கடைசியில். "எழுதித் தர ஏலுமோ? நான் உதைக் கட்டாயம் திருத்த வேணும்." உதயகலா இரண்டு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாள். இந்த முறை காரணத்தையும் எழுதினாள், சாம்பலையும் எழுதினாள்.

பத்திரிகை திருத்தம் போடவில்லை. உது பழைய விசயம், இப்போது கிளறினால் வீண் பிரச்சினை என்றார்களாம். நீர்வேலித் துருவ ஒளி இன்றைக்கும் இணையத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எடுக்கிறார்கள்.

அடுத்த வருடம் விஞ்ஞானக் கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவந்தது. பின்னிணைப்பில் நிராகரிக்கப்பட்ட பதிவுகளுக்கு ஓர் அட்டவணை. அதில் இருபத்தாறாவது வரி: யாழ்ப்பாணக் குடாநாடு, 1991 நவம்பர் 8, சிவப்பு, வடக்கு, துருவ ஒளி அல்ல, நிலத் தீ, சின்னமுனை. தர்சினி ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உதயகலா அதைத் தபாலில் யோசப்பினுக்கு அனுப்பினாள். யோசப்பின் தன் மகளைக் கொண்டு தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: பதினொரு பேரின் பெயர்களை அதிலே போட ஏலுமோ? தர்சினி முயன்று பார்த்தாள். அப்படியான கட்டுரைகளில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. சின்னமுனை எரிந்ததைப் பற்றி அச்சில் வேறெங்கும் ஒரு வரியும் இல்லை என்று தேடிப் பார்த்த பிறகுதான் தர்சினிக்கும் தெரிந்தது.

செந்தூரன் மாதக்கணக்காக அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. யோசப்பின் வந்துபோனது ஊரில் பரவி, பத்திரிகை விசயத்தில் தலைகுனிவு ஒன்று. அதைவிட, இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தனக்கு ஒரு சொல் சொல்லவில்லை என்பது. மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில் இந்தக் கதை வெளியே போனதில் அவனுக்குப் பயமும் இருந்தது. ஒரு முறை மட்டும் குசினி வாசலில் நின்று கேட்டான். "அப்பு இருக்கேக்கை சொல்லியிருந்தால் நாங்கள் விட்டிருப்பமோ?"

"விட்டிருக்க மாட்டியள்."

அவன் வாசலில் இருந்து திரும்பிப் போய்விட்டான்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து நவம்பர் எட்டு சனிக்கிழமையாக இருந்தது. உதயகலா காலை பஸ்ஸில் புறப்பட்டு, இறங்கிய சந்தியில் இருந்து மணலில் அரை மணித்தியாலம் நடந்து சின்னமுனைக்குப் போனாள். தகரக் கூரை போட்ட ஒரு சிறு கோயில். திரும்பி வந்து குடியிருக்கிற ஒன்பது குடும்பங்களும் உள்ளே இருந்தன. எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாததால் அவள் வாசலுக்கு வெளியே நின்றாள். சுவாமியார் பெயர்களை வாசித்தார். ஏழாவது பெயர் மரிய செபநாயகம். முன்னால் ஒரு மரிய இருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பங்கீட்டுப் பதிவில் அது இருக்கவில்லை.

பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது யோசப்பின் அவளைக் கண்டாள். கிட்ட வந்து நின்றாள். இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள்.

"கல்லறை அங்காலை" என்று கையைக் காட்டினாள் யோசப்பின். "எல்லாரையும் ஒரே குழியிலைதான் வைச்சது. பிரிக்க ஏலாமல் இருந்தது."

உதயகலா போய்ப் பார்த்தாள். சீமெந்துத் திட்டு, அதில் ஒரு சிலுவை, சுற்றிவரச் சங்கு பதித்திருந்தார்கள். கொண்டுபோன பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுவில் வைத்தாள். திரும்பி வரும்போது யோசப்பின் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அடுத்த முறை வந்தால் உள்ளுக்கை வந்து இருங்கோ" என்றாள். "வெளியிலை நிண்டால் சனம் ஆர் எண்டு கேக்கும். எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"ஓம்" என்றாள் உதயகலா.